தரப்புள்ளி வந்த வரலாறு

அமெரிக்காவின் ஹார்வர்ட், யேல் ஆகிய இரு கல்லூரிகளிலும் பதினெட்டாம் நூற்றாண்டின் பெரும் பகுதி வரையில் மாணவர் பெயர்ப் பட்டியல் ஒரு விந்தையான முறையில் எழுதப்பட்டு வந்தது. அஃது அகர வரிசையும் அன்று. கல்வித் திறமையின் வரிசையும் அன்று. தந்தையின் சமூக நிலையே வரிசையை வகுத்தது. பெரும் பதவியில் இருந்தோரின் மக்கள் மேலே. எளிய உழவர், கைவினைஞர் மக்கள் கீழே. வகுப்பறையிலும் வழிபாட்டுக் கூடத்திலும் அவ்வரிசைப்படியே அமர வேண்டும். ஒரு மாணவன் பெருங் குற்றம் செய்தால் அவனைப் பட்டியலில் சில இடங்கள் கீழே இறக்குவர். அக்காலத்தில் அது மிகக் கடுமையான தண்டனையாகக் கருதப்பட்டது. 1770களின் தொடக்கத்திற்குள் இரு கல்லூரிகளும் இவ்வழக்கத்தைக் கைவிட்டன.

பிறப்பு வரிசை போனபின் வேறோர் அளவுகோல் வேண்டுமன்றோ? யேல் கல்லூரியின் தலைவராக 1778 முதல் 1795 வரை விளங்கிய எஸ்ரா ஸ்டைல்ஸ் நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உடையவர். 1785ஆம் ஆண்டில் அவர் 58 மாணவரைத் தேர்வுக்கு உட்படுத்தி, அவர்களை நான்கு கூறாகப் பிரித்து அந்நாட்குறிப்பில் எழுதி வைத்தார். மிகச் சிறந்தோர் 20 பேர். சிறந்தோருள் இரண்டாம் நிலையினர் 16 பேர். அவரினும் தாழ்ந்தோர் 12 பேர். கடை நிலையினர் 10 பேர். இப்பெயர்களை அவர் இலத்தீன் சொற்களால் குறித்தார். அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவரைக் கல்வியால் தரம் பிரித்தமைக்குப் பழஞ் சான்றாக ஆராய்ச்சியாளர் பலரும் காட்டுவது இக்குறிப்பையே. இதில் தந்தை யார் என்ற வினாவுக்கு இடமில்லை. புள்ளிமுறையைப் பழிப்போர் பலர் உளர். பழிப்பதற்குக் காரணங்களும் உள. ஆயினும், பட்டியலின் அடியில் கிடந்த ஏழை மகனுக்கு மேலேறும் படியாக வந்ததும் இதுவே என்பதை அவர்கள் மறந்துவிடலாகாது.

படி என்ற சொல் ஈண்டுப் பொருத்தமானதே. ‘கிரேட்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான இலத்தீன் சொல்லின் பொருள் காலடி அல்லது படி என்பதாகும். பட்டத்தைக் குறிக்கும் ‘டிகிரி’ என்ற சொல்லும் அவ்வேரிலிருந்து வந்ததே.

யேல் கல்லூரியில் 1813 முதல் மாணவரின் சராசரியைக் குறிப்பதற்கென்றே ஒரு பதிவேடு வைக்கப்பட்டது. அதில் வழங்கிய உச்ச எண் 4. இன்றைய 4.00 அதன் நேர் வாரிசு என்று துணிந்து கூறுவதற்கில்லை. எனினும் எண் அதுவே. ஹார்வர்ட் 1830இல் 20 என்னும் அளவைக் கையாண்டது. சில ஆண்டுகள் கழித்து அங்கே 100 என்னும் அளவும் புகுந்தது.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகம் வேறு வழியில் வந்தது. அங்கே பழங்காலத் தேர்வு இலத்தீன் மொழியில் நிகழ்ந்த வாய்ச் சொற்போரே. மெல்ல எழுத்துத் தேர்வு தலையெடுத்தது. ஒவ்வொரு வினாவுக்கும் தனித்தனியே புள்ளியிட்டுக் கூட்டலாம் என்று 1792இல் வில்லியம் பாரிஷ் என்னும் ஆசிரியர் முன்மொழிந்தார் என்பர். கணிதத் தேர்வில் முதன்மையர் அனைவரையும் ஒன்று, இரண்டு என்று நிரல்படுத்தி வெளியிட்டனர். 1899இல் முதலிடம் பெற்ற ஆர். பி. பராஞ்சபே, அச்சிறப்பை எய்திய முதல் இந்தியர் ஆவார். அதற்கு ஒன்பது ஆண்டு முன்னர், 1890இல், பிலிப்பா பாசெட் என்னும் பெண்மணி முதலிடம் பெற்ற ஆடவனினும் மிகுதியான புள்ளி பெற்றார். பெண் என்பதால் அவருக்கு நிரலில் இடமில்லை. ‘முதல்வருக்கும் மேலே’ என்று மட்டும் படித்தனர். பட்டமும் இல்லை. கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கியது 1948இல்தான். பல்கலைக் கழகம் ஒப்புக்கொள்ள மறுத்த உண்மையை அன்று புள்ளி சொல்லிற்று. இந்நிரல் வெளியீடு 1909உடன் நின்றது.

எழுத்தால் தரம் குறிக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பரவியது. அமெரிக்காவின் மவுண்ட் ஹோலியோக் என்னும் மகளிர் கல்லூரி 1897இல் ‘ஏ’ முதல் ‘இ’ வரை ஐந்து எழுத்துகளை வகுத்தது. 95 முதல் 100 வரை ‘ஏ’. 75க்குக் கீழ் ‘இ’, அதாவது தோல்வி. மறு ஆண்டே எல்லைகளை மாற்றித் தோல்விக்கு ‘எஃப்’ என்ற எழுத்தைச் சேர்த்தனர். 74 பெற்றவர் தோற்றவராம்! இந்நாளில் 74 பெற்ற மாணவன் மிட்டாய் வாங்கி வருவான்.

புள்ளி இருந்தது, எழுத்தும் வந்தது. இவ்விரண்டையும் பிணைத்து ஒரே எண்ணாக்க வேண்டிய தேவை எதனால் எழுந்தது? பாடத் தேர்வுரிமையால் எழுந்தது. முன்னாளில் கல்லூரியில் எல்லா மாணவரும் ஒரே பாடங்களையே கற்றனர், ஒப்பிடுதல் எளிது. 1869 முதல் 1909 வரை நாற்பதாண்டுக் காலம் ஹார்வர்டின் தலைவராக இருந்த சார்லஸ் எலியட், மாணவர் தாம் விரும்பிய பாடத்தைத் தெரிந்தெடுக்கும் முறையை வளர்த்தார். ஒருவன் கிரேக்கமும் வேதியியலும் கற்பான். மற்றொருவன் வரலாறும் பொருளியலும் கற்பான். இருவரும் பட்டத்துக்கு வேண்டிய அளவு கற்றனரா என்று எவ்வாறு காண்பது? பாடத்திற்கு ஓர் எடை வேண்டியதாயிற்று. வாரத்திற்கு எத்தனை மணி என்பதே அந்த எடை. கிரெடிட் என்பது இதுதான்.

இம்முறை நாடெங்கும் வேரூன்றியதற்கு ஓய்வூதியம் துணையாயிற்று என்பது சுவையான செய்தி. 1905இல் ஆண்ட்ரு கார்னெகி கல்லூரிப் பேராசிரியரின் முதுமைக் காலத்துக்கென ஒரு கோடி டாலர் ஒதுக்கி ஓர் அறநிலையம் அமைத்தார். உண்மையான கல்லூரி எது என்று அறிய அந்நிலையம் ஓர் அளவு வகுத்தது. உயர்நிலைப் பள்ளியில் ஒரு பாடத்தை ஓராண்டில் ஏறத்தாழ 120 மணி நேரம் பயில்வது ஓர் அலகு. 14 அலகு முடித்தவரையே கல்லூரி சேர்த்தல் வேண்டும். ஓய்வூதியம் வேண்டிய கல்லூரிகள் அவ்வளவை ஏற்றன. அறிவை அளக்க இயலாதவர்கள் அமர்ந்திருந்த நேரத்தை அளந்தனர் என்று இதனைக் குறை கூறுவோர் உண்டு. குற்றச்சாட்டு முற்றும் பொய்யன்று.

எழுத்துக்கு ஓர் எண் கொடுத்து, அதனைப் பாடத்தின் கிரெடிட்டால் பெருக்கி, கூட்டிய தொகையை மொத்தக் கிரெடிட்டால் வகுத்தனர். இதுவே தரப்புள்ளிச் சராசரி. ‘ஏ’க்கு 4 என்று கொண்ட கல்லூரிகளும் இருந்தன, 3 என்று கொண்டவையும் இருந்தன. பின்னர் 4 பெருவழக்காயிற்று.

இவ்வெண்ணின்மீது நம்பிக்கை வளர்ந்த அதே காலத்தில் ஐயமும் வளர்ந்தது. மிசௌரிப் பல்கலைக் கழகத்தின் மேக்ஸ் மேயர் தம் உடன் ஆசிரியர்கள் வழங்கிய தரங்களைத் திரட்டி 1908இல் வெளியிட்டார். ஒரு துறையில் மாணவருள் 55 விழுக்காட்டினர் ‘ஏ’ பெற்றிருந்தனர். வேறொன்றில் 1 விழுக்காட்டினரே பெற்றிருந்தனர். 1912இல் ஸ்டார்ச், எலியட் என்னும் இருவர் ஆங்கிலத் தேர்வுத்தாள்கள் இரண்டைப் பல பள்ளிகளுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். 142 ஆசிரியர் திருத்தினர். ஒரே தாளுக்கு ஒருவர் 64 அளித்தார்; மற்றொருவர் 98 அளித்தார். மொழிப் பாடத்தில் அப்படித்தான் இருக்கும் என்றனர் சிலர். மறு ஆண்டு வடிவக் கணிதத் தாளை அனுப்பினர். அதன் வேறுபாடு ஆங்கிலத் தாளினும் விரிந்து, 28இல் தொடங்கி 90ஐயும் கடந்து சென்றது. கட்டுரைத் தாள் திருத்தும் தமிழாசிரியர் எவரும் இச்செய்தியைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் சிவப்புப் பேனாவைக் கீழே வைப்பர்.

புள்ளி உயிரையே தொட்ட காலமும் உண்டு. வியட்நாம் போர்க் காலத்தில், 1966இல், அமெரிக்க அரசு கல்லூரி மாணவரைப் போருக்கு அழைப்பதா, படிக்க விடுவதா என்று முடிவு செய்ய இரு அளவுகளைப் பயன்படுத்தியது. ஒன்று அரசு நடத்திய ஒரு தேர்வு. மற்றொன்று வகுப்பில் மாணவன் பெற்ற நிலை. முதலாண்டு மாணவன் தன் வகுப்பின் மேற்பாதியில் இருத்தல் வேண்டும். அடுத்த ஆண்டில் மேல் மூன்றில் இரண்டு பங்கினுள். அதற்கடுத்த ஆண்டில் மேல் நான்கில் மூன்று பங்கினுள். ஒருவன் மேலேறினால் வேறொருவன் கீழிறங்குவான். கீழிறங்கியவனை ஊர்க்காவல் வேலைக்கா அனுப்புவர்? அவ்வாண்டு மே மாதம் சிக்காகோ பல்கலைக் கழக மாணவர், தம் தரவரிசையை அரசுக்குக் கொடுக்கலாகாது என்று நிருவாகக் கட்டடத்துள் புகுந்து அமர்ந்தனர். தாழ்ந்த தரம் இடப் பேராசிரியர் பலர் மனம் கூசினர். அக்காலத்தில் அமெரிக்கக் கல்லூரிகளில் சராசரி உயர்ந்ததற்கு இதனையும் ஒரு காரணமாகக் கூறுவர்.

மலாயாவில் இம்முறை பிந்தியே வந்தது. எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரியும் ராபிள்ஸ் கல்லூரியும் இணைந்து 1949 அக்டோபர் 8ஆம் நாள் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக் கழகம் தோன்றியது. அங்கே 1956இல் இந்திய இயல் துறை அமைந்தது. அக்காலப் பட்டதாரிகளுக்குக் கிரெடிட் தெரியாது. ஆண்டிறுதியில் தேர்வு, பின்னர் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்னும் பிரிட்டிஷ் வழக்கு. 1962இல் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலுமாக இரு பல்கலைக் கழகங்களாயின. பருவ முறையும் கிரெடிட்டும் அதற்குப் பின்னர் வந்தவை. மலேசியாவில் அனைவர் வாயிலும் வழங்கும் பி.என்.ஜி.கே. என்பது மொத்தத் தரப்புள்ளிச் சராசரியே.

எஸ்.டி.பி.எம். தேர்விலும் பி.என்.ஜி.கே. உண்டு. அங்கே கணக்கில் சேரும் பாடங்கள் நான்குக்கும் ஒரே எடை. அப்பழக்கத்தோடு பல்கலைக் கழகம் புகும் மாணவன் அங்கும் எல்லாப் பாடமும் சமம் என்று எண்ணிவிடுகிறான். ஒரு மாணவி முதற் பருவத்தில் ஐந்து பாடம் எடுத்தாள் என்று கொள்வோம். 3 கிரெடிட் பாடத்தில் ‘ஏ’, அதாவது 4.00, 3 கிரெடிட் பாடத்தில் ‘பி பிளஸ்’, 3.33, 4 கிரெடிட் பாடத்தில் ‘சி’, 2.00, 2 கிரெடிட் பாடத்தில் ‘ஏ’, 4.00, 3 கிரெடிட் பாடத்தில் ‘பி’, 3.00. தரப்புள்ளிகளை மட்டும் கூட்டி ஐந்தால் வகுத்தால் 3.27 வரும். அது தவறு. பெருக்கிக் கண்டால் 12.00, 9.99, 8.00, 8.00, 9.00, மொத்தம் 46.99. இதனை 15 கிரெடிட்டால் வகுக்க 3.13. நான்கு கிரெடிட் பாடத்தின் ‘சி’ தன் எடையைக் காட்டிவிட்டது. எளிய இரண்டு கிரெடிட் பாடத்தில் பெற்ற ‘ஏ’ அதனைத் தாங்கவில்லை.

இரண்டாம் பருவத்தில் அவளே 18 கிரெடிட் எடுத்து 3.60 பெற்றால் மொத்தச் சராசரி என்ன? 3.13ஐயும் 3.60ஐயும் கூட்டிப் பாதியாக்குவோர் 3.37 என்பர். சரியான வழி, 46.99உடன் 64.80ஐக் கூட்டி 33ஆல் வகுப்பது, விடை 3.39. வேறுபாடு சிறிதுதான். ஆனால் பல்கலைக் கழகங்கள் முதல் வகுப்புக்குக் கோடு கிழிப்பதும் இரண்டு தசமத் தானத்திலேதான். அக்கோடு 3.50 முதல் 3.75 வரையில் பல்கலைக் கழகத்துக்குப் பல்கலைக் கழகம் மாறும்.

மாணவர் அறியாமல் இழப்பது வேறிடத்தில். இறுதி ஆண்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவன் கதை இது. பட்டத்துக்கு 120 கிரெடிட் என்க. குறிக்கோள் 3.50; அதற்குத் தேவை 420 புள்ளி. முதல் 30 கிரெடிட்டில் 3.20 பெற்றவனிடம் 96 புள்ளி உண்டு. எஞ்சிய 90 கிரெடிட்டில் 324 புள்ளி வேண்டும். அதாவது சராசரி 3.60. உழைத்தால் எட்டலாம். அதே 3.20உடன் 90 கிரெடிட் கடந்துவிட்டவனுக்கோ 288 புள்ளி உண்டு. எஞ்சிய 30 கிரெடிட்டில் 132 புள்ளி வேண்டும். சராசரி 4.40. அப்படி ஒரு தரமே இல்லை. எல்லாப் பாடத்திலும் ‘ஏ’ பெற்றாலும் அவன் 3.40இல்தான் நிற்பான். இரவு பகலாகப் படித்து ஏன் கிட்டவில்லை என்று தன் அறிவையே நொந்துகொள்கிறான். அறிவில் குறையில்லை, கணக்கு ஓராண்டுக்கு முன்பே முடிந்துவிட்டது.

குடும்பத்திலிருந்து முதன்முதலாகப் பல்கலைக் கழகம் செல்லும் தோட்டப்புறப் பிள்ளைக்கு இதனை வீட்டில் எடுத்துச் சொல்வார் இலர். ஆனால் கணக்கு வைக்கும் வழக்கம் அவ்வீடுகளுக்குப் புதிதன்று. செக்ரோல் கிராணியார் கையில் இருந்தபோதும், பால் மரம் வெட்டிய நாள்களைச் சுவர்க் காலண்டரில் தாமே கோடிட்டுச் சம்பள நாளன்று ஒப்பிட்டுப் பார்த்த தாய்மார் பலர். மாணவனுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பாடம், கிரெடிட், தரம், பெருக்கிய புள்ளி என நான்கு பத்தி. பருவந்தோறும் அடியில் மூன்று எண்கள்: இதுவரை சேர்ந்த கிரெடிட், இதுவரை சேர்ந்த புள்ளி, இனி வேண்டிய சராசரி. திரும்ப எடுத்த பாடத்தில் பழைய தரம் நீங்குமா, இரண்டும் சேருமா என்பதில் மட்டும் நிலையத்துக்கு நிலையம் விதி வேறு. கையேட்டைப் படித்தல் வேண்டும்.

சிங்கப்பூரில் அளவே வேறு. தேசியப் பல்கலைக் கழகத்திலும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக் கழகத்திலும் உச்சம் 5.00, முதல் வகுப்புக்கு 4.50. ஜொகூர் பாரு மாணவனின் 3.50உம் பாலத்துக்கு அப்பால் படிக்கும் அவன் தங்கையின் 3.50உம் ஒன்றல்ல. இங்கே அது ‘பி பிளஸ்’ஸுக்கும் மேலே, அங்கே அது வெறும் ‘பி’. 2014இல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக் கழகம், புதிதாகச் சேரும் மாணவர் முதற் பருவத் தரங்களைச் சராசரியில் சேர்க்காமல் விட இடங்கொடுத்தது. தேர்வு உண்டு, தரமும் உண்டு. தரத்தைக் கண்டபின், வேண்டாம் என்று மாணவன் சொன்னால் அது கணக்கில் ஏறாது.