தருமபுரி மாவட்டத்தின் உணவு மரபும் உற்பத்தியாளர் கூட்டமைப்பும்

தருமபுரி மாவட்டத்தின் உணவுக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒகேனக்கல் மீன். அதே மாவட்டத்தின் கிழக்கே, சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடைப்பட்ட சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில், சாமையும் கேழ்வரகும் விளைவிக்கும் உழவர்கள் தங்களுக்கென ஒரு சங்கத்தை உருவாக்கியுள்ளனர். முதல் இடத்தில் பயணிகள் கூட்டம் உண்டு. இரண்டாவது இடத்தில் உற்பத்தியாளர்களின் அமைப்பு உண்டு. உணவுச் சுற்றுலாவின் வருமானம் விளைவிப்பவரைச் சென்றடைய இவ்விரண்டும் சேர வேண்டும் என்பதை இம்மாவட்டத்தின் உணவு வரலாறு காட்டுகிறது.

பழைய உணவு

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். சங்க காலத்தில் இங்கு ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி ஔவையாருக்கு அரிய நெல்லிக்கனி அளித்த செய்தி பலரும் அறிந்தது. அவனுடைய முன்னோர் கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தனர் என்பதையும் ஔவையாரின் புறநானூற்றுப் பாடல் (99) குறிப்பிடுகிறது. இப்பகுதியில் மிகுதியாகக் கிடைக்கும் நடுகற்களில் பல, ஆநிரை கவர்தலிலும் மீட்டலிலும் இறந்த வீரர்களுக்கு எடுக்கப்பட்டவை. கால்நடையே செல்வமாக இருந்த ஒரு வறண்ட நிலத்தின் சான்றுகள் அவை.

இம்மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி தென்மேற்கு, வடகிழக்குப் பருவங்களில் பெய்துவிடும். மானாவாரி நிலத்தில் கேழ்வரகும், அதனோடு ஊடுபயிராக அவரையும் துவரையும், மலைச்சரிவுகளில் சாமையும் தினையும் விளைந்தன. கேழ்வரகுக் களி, கம்மங்கூழ், சாமைச் சோறு, அவரைக்கொட்டைக் குழம்பு, கொள்ளு, கீரைக் கடைசல் ஆகியவை அன்றாட உணவாயின. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உள்ளது. அரிசியில் இருப்பதைக் காட்டிலும் இது பல மடங்கு அதிகம்.

சாமை ஏன் குறைந்தது

சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து 1965 அக்டோபர் 2 அன்று தருமபுரி தனி மாவட்டமானது. 2004 பிப்ரவரி 9 அன்று அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. இந்த நாற்பது ஆண்டுகளில் வயல்களும் மாறின. பாசனம் கிடைத்த இடங்களில் நெல்லும் கரும்பும் தக்காளியும், மற்ற இடங்களில் மாவும் மரவள்ளியும் பரவின. மரவள்ளிக்குச் சேலத்து ஜவ்வரிசி ஆலைகளும் கரும்புக்குக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளும் சந்தையாக இருந்தன. சிறுதானியத்துக்கு அப்படி ஒரு ஆலை இல்லை.

எல்லாச் சிறுதானியங்களும் ஒரே அளவில் பாதிக்கப்படவில்லை. கேழ்வரகை அடித்துத் தூற்றியதும் நேரடியாக மாவாக்கலாம். சாமை, தினை, வரகு, குதிரைவாலி ஆகியவற்றில் கெட்டியான உமி மணியை மூடியிருக்கும். அதை நீக்கப் பெண்கள் உரலிலும் திருகையிலும் மணிக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது. நியாயவிலைக் கடையில் 2008 முதல் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 ஜூன் முதல் விலையில்லாமலும் அரிசி கிடைத்தபோது அந்த உழைப்பைக் கைவிடுவது இயல்பான முடிவாயிற்று. கேழ்வரகில் இன்றும் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் தமிழ்நாட்டின் முன்னணி மாவட்டங்கள். சாமையோ பெரும்பாலும் மலையூர்களோடு நின்றுவிட்டது.

ஒகேனக்கல்: பயணிகள் உண்டு, அமைப்பு இல்லை

காவிரி பாறைகளுக்கிடையே விழுந்து புகைபோல் நீர்த்துளி எழுப்பும் இடம் ஒகேனக்கல். கன்னடத்தில் ‘புகையும் கல்’ என்பது பெயரின் பொருள். ஆடிப்பெருக்கன்று பெருங்கூட்டம் கூடும். இங்குள்ள வழக்கம் தனித்தன்மை உடையது. பயணி மீனை வாங்கி, அங்கேயே அடுப்பு வைத்திருக்கும் பெண்ணிடம் கொடுப்பார். பரிசல் பயணமும் குளியலும் முடிந்து திரும்பும்போது மீன் குழம்பும் வறுவலும் சோறும் தயாராக இருக்கும். கட்லா, ரோகு, வாளை, கெளுத்தி ஆகியவை விற்பனைக்கு வரும் மீன்களில் அடங்கும். இவற்றுள் கட்லாவும் ரோகுவும் கங்கைச் சமவெளியிலிருந்து கொண்டுவந்து காவிரியில் விடப்பட்டவை.

மீனவர், சமைப்பவர், பரிசல் ஓட்டி என மூவரும் ஒரே பயணியை நம்பி வாழ்கின்றனர். நீர்வரத்து உயரும்போது மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை விதிக்கிறது. மூவர் வருமானமும் ஒரே நாளில் நின்றுவிடுகிறது. ஒகேனக்கல் உள்ள பென்னாகரம் வட்டத்திலேயே கேழ்வரகும் சாமையும் விளைந்தாலும், பயணியின் இலையில் பெரும்பாலும் விழுவது வெளியிலிருந்து வரும் அரிசிச் சோறுதான். கூட்டம் எவ்வளவு பெருகினாலும் அருகிலுள்ள மானாவாரி உழவருக்கு அதில் பங்கு குறைவு.

சிட்லிங்கி: அமைப்பு முதலில்

மலையாளிப் பழங்குடியினரும் லம்பாடி மக்களும் வாழும் சிட்லிங்கியில் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி இணையர் 1993இல் பழங்குடியினர் நல முயற்சி என்ற மருத்துவப் பணியைத் தொடங்கினர். கூரைக் குடிசை ஒன்றே முதல் மருத்துவமனை. குழந்தை இறப்பைக் குறைக்கும் பணி படிப்படியாக உணவையும் வருமானத்தையும் நோக்கித் திரும்பியது. 2000களில் அங்குள்ள உழவர்கள் இயற்கை வேளாண்மைக்கு மாறி, சிட்லிங்கி இயற்கை விவசாயிகள் சங்கத்தை உருவாக்கினர்.

இச்சங்கத்தின் சிறப்பு, விளைச்சலை மூட்டையாக வணிகரிடம் கொடுத்துவிடாமல் பதப்படுத்தும் வேலையையும் ஊரிலேயே வைத்துக்கொண்டதாகும். சிறுதானியம் உமி நீக்கப்பட்டு, மாவாகவும் பிஸ்கட்டாகவும் பிற தின்பண்டமாகவும் மாறி வெளியூர்க் கடைகளுக்குச் செல்கிறது. இந்த வேலைகளில் உள்ளூர்ப் பெண்களுக்குப் பெரும்பங்கு உண்டு. உரலின் முன் கூலியின்றிச் செய்யப்பட்ட வேலை இப்போது வருமானம் தரும் தொழிலாகிவிட்டது. லம்பாடிப் பெண்களின் பூத்தையல் கலையை மீட்ட ‘போர்கை’ அமைப்பும் இதே பள்ளத்தாக்கில் இயங்குகிறது.

சட்டமும் அரசும்

இத்தகைய அமைப்புகளுக்கு வழிசெய்தது 2002இல் நிறுவனங்கள் சட்டத்தில் கொண்டுவரப்பட்ட திருத்தம். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட உற்பத்தியாளர்கள் சேர்ந்து தங்களுக்கே உரிய உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்க அது இடமளித்தது. இந்தியாவின் முன்மொழிவை ஏற்று ஐக்கிய நாடுகள் அவை 2023ஐப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அவ்வாண்டில் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கியது. 2022-23இல் குவிண்டாலுக்கு 3,578 ரூபாயாக இருந்த கேழ்வரகின் குறைந்தபட்ச ஆதரவு விலை 2024-25இல் 4,290 ரூபாயாக உயர்ந்தது. கேழ்வரகைப் பின்னுக்குத் தள்ளிய அதே நியாயவிலைக் கடை அதைத் திரும்பக் கொண்டுவரும் வழியாகவும் ஆனது.

பிற நாடுகளின் அனுபவம்

இத்தாலியில் 1985இல் இயற்றப்பட்ட பண்ணைச் சுற்றுலாச் சட்டம், பயணிகளுக்கு உணவும் தங்குமிடமும் தரும் உரிமையை வேளாண்மை செய்பவர்களுக்கே அளித்தது. வேளாண்மையே முதன்மைத் தொழிலாகத் தொடர வேண்டும். பரிமாறும் உணவில் சொந்த விளைச்சலும் உள்ளூர் விளைச்சலும் இடம்பெற வேண்டும். தட்டுக்கும் வயலுக்கும் இடையிலான தொடர்பை அங்கு சட்டமே காத்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தென்னமெரிக்காவின் பொலிவியா, பெரு நாடுகளில் விளையும் கினோவா தானியத்துக்கு 2013 பன்னாட்டு ஆண்டாக அறிவிக்கப்பட்டது. விலை மிக உயர்ந்தது. வேறு நாடுகளும் பயிரிடத் தொடங்கியதும் ஓரிரு ஆண்டுகளில் விலை சரிந்தது. வெளியூர்த் தேவையை மட்டும் நம்பிய உழவருக்கு அது பேரிழப்பு. சிட்லிங்கி போன்ற இடங்களுக்கு இது நேரடியான பாடம்: வீட்டுக்குத் தேவையான தானியத்தை ஒதுக்கிய பிறகே சந்தைக்கு அனுப்ப வேண்டும்.

எதிர்காலம்

தருமபுரிக்கு வருபவர்கள் ஒகேனக்கல்லோடு அதியமான்கோட்டை, தீர்த்தமலை போன்ற இடங்களுக்கும் செல்கின்றனர். இவ்விடங்களின் உணவகங்கள் உள்ளூர் உற்பத்தியாளர் அமைப்புகளிடமிருந்து கேழ்வரகும் சாமையும் அவரையும் புளியும் நேரடியாக வாங்கினால், புதிய கூட்டத்தைத் தேடாமலேயே உழவரின் பங்கு உயரும். மலையூர்களுக்குப் பயணிகளை அழைப்பது அதற்கு அடுத்த படி. எத்தனை பேர் வரலாம், எந்தப் பருவத்தில் வரலாம், என்ன விலை என்பதை அவ்வூர் மக்களே முடிவு செய்யும் நிலையில்தான் அது பயன் தரும். உமி நீக்கும் இயந்திரம் ஊரிலேயே இருப்பதும், கணக்கு உறுப்பினர் கையில் இருப்பதும் அதற்கான முன்தேவைகள். சாமை மீண்டும் அன்றாட உணவாவது இவற்றைப் பொறுத்தே அமையும்.