நாசிக்கின் ஒயின்: கொடி வளர்த்தவரும் ஆலை கண்டவரும்

நாசிக்கின் ஒயின் வரலாறு, திராட்சை விவசாயி தொழில்முனைவோராக உயர்ந்த வரலாறாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. நிகழ்வுகளை ஆண்டு வரிசையில் வைத்துப் பார்த்தால், அது பாதி உண்மையே என்பது புலப்படும்.

அவ்வட்டாரத்தின் திராட்சைப் பொருளாதாரம் ஒயினுக்கு முற்பட்டது. தாம்சன் சீட்லெஸ் போன்ற உண்ணும் இரகங்களைச் சார்ந்தே அது வளர்ந்தது. 1991இல் உருவான மகாகிரேப்ஸ், விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்களை ஒருங்கிணைத்து ஏற்றுமதிக்கு வழிவகுத்தது. ஒயின் வேறு வழியில் வந்தது. 1980களில் ஷாம்ராவ் சௌகுலே புனே மாவட்டத்து நாராயண்காவில் இண்டேஜ் நிறுவனத்தை நிறுவி, பிரெஞ்சுத் தொழில்நுட்ப உதவியுடன் நுரைக்கும் ஒயின் தயாரித்தார். கலிபோர்னியாவில் பணியாற்றித் திரும்பிய ராஜீவ் சமந்த், 1990களின் இறுதியில் நாசிக் அருகே குடும்ப நிலத்தில் ஒயின் இரகங்களை நட்டுச் சுலாவைத் தொடங்கினார். நிலத்தோடு வெளியுலகத் தொடர்பும் இவர்களுக்கு வாய்த்திருந்தது.

விவசாயிகள் பெருமளவில் நுழைந்தது 2001க்குப் பின்னரே. அவ்வாண்டு மகாராஷ்டிர அரசு அறிவித்த திராட்சைப் பதப்படுத்தும் தொழிற்கொள்கை, மாநில ஒயினுக்குக் கலால் வரிச் சலுகை அளித்தது. விஞ்சூரிலும் பலூசிலும் ஒயின் பூங்காக்கள் அமைந்தன. சிறு ஆலைகள் பெருகின.

சிக்கல் பயிரின் இயல்பிலேயே இருந்தது. உண்ணும் திராட்சை பறித்த சில நாள்களில் பணமாகும். எஞ்சியதை உலர்த்தியும் விற்கலாம். ஷிராஸ், கேபர்னே சாவிஞான் போன்ற ஒயின் இரகங்களோ சிறுத்த, விதையுள்ள கனிகள். பழச்சந்தையில் அவற்றுக்கு இடமில்லை. ஆலை வாங்க மறுத்தால் விளைச்சல் வீண். ஆலையை விவசாயியே நடத்தினாலோ, தொட்டியில் கிடக்கும் ஒயின் விற்றுத் தீரும்வரை கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டே போகும். உலகப் பொருளாதார மந்தமும் 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலும் விடுதி, சுற்றுலா வணிகத்தை முடக்கியபோது இந்த முடிச்சு இறுகியது. இருப்பு தேங்கியது, சிறு ஆலைகள் மூடின, பலர் தம் கொடிகளைத் தாமே பிடுங்கி எறிந்தனர். முன்னோடியான இண்டேஜும் கடன்சுமையால் வீழ்ந்தது.

நிலைத்தவர்கள் திராட்சையை மட்டும் நம்பவில்லை. சுலா 2005இல் தோட்டத்திலேயே சுவைக்கூடம் திறந்து, நகரத்து நுகர்வோரைத் தன் வாசலுக்கு வரவழைத்தது. 2022 டிசம்பரில் பங்குச்சந்தையில் இடம்பெற்றது. சுற்றுவட்டார விவசாயிகள் பலர் நீண்டகால ஒப்பந்தத்தின் கீழ் அத்தகைய ஆலைகளுக்குக் கனி வழங்குவோராயினர். ஒப்பந்தம் விலைக்கு உறுதி தருகிறது. பெயர்ப்பலகையில் பங்கு தருவதில்லை.

ஆகவே வெற்றியைத் தீர்மானித்தது வேளாண் திறன் மட்டுமன்று. காத்திருக்கும் மூலதனமும் சந்தையின் அருகாமையுமே. வரிச்சலுகை ஆலை கட்டுவதை எளிதாக்கியது, விற்பதை எளிதாக்கவில்லை. வேளாண் தொழில்முனைவை ஆராயும் மாணவர்கள் நிலைத்த நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளோடு நின்றுவிடலாகாது. கொடி பிடுங்கப்பட்ட நிலங்களையும் பூட்டிய ஆலைகளின் வங்கிக் கணக்குகளையும் படித்தால்தான் மீதிப் பாதி விளங்கும்.