கரையில் வென்ற கடற்பயணம்

கடலோடிகளின் வரலாற்றைப் படிப்போர் புயலையும் அலையையும் கொள்ளைக்காரரையும் நெடுநாள் நினைவில் வைத்துக்கொள்கின்றனர். கலம் துறையில் நின்ற நாட்களை மறந்துவிடுகின்றனர். எந்த மரத்தால் கலத்தைக் கட்டினார்கள், பலகைகளின் இடைவெளியை எதனால் அடைத்தார்கள், எத்தனை பீப்பாய்த் தண்ணீர் ஏற்றினார்கள் என்பன போன்ற செய்திகள் சுவையற்றவையாகத் தோன்றலாம். ஆயினும் நீண்ட கடற்பயணத்தின் வெற்றிக்கும் தோல்விக்கும் வித்து அங்கேதான் விழுகிறது. இதற்குத் தக்க சான்றாக விளங்குவது, பாய்க்கலத்தில் தனியொருவராய் உலகை முதன்முதலில் சுற்றிவந்த ஜாஷுவா ஸ்லோக்கம் என்னும் மீகாமனின் வரலாறு.

இவர் கதையை வகுப்பில் சொல்லும்போது துணிவுக்கு இவரை எடுத்துக்காட்டாகக் கூறுவது வழக்கம். ஒரு தகரக் கடிகாரத்தை நம்பி உலகைச் சுற்றினார் என்பதைச் சொல்லி மாணவரைச் சிரிக்க வைப்பதும் உண்டு. அவர் துணிவுடையவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் துணிவு ஒன்றே அவரை 46,000 மைலுக்கு மேல் கொண்டுசென்றதா? அவரே எழுதிவைத்துள்ள கணக்குகளைக் கூர்ந்து நோக்கினால் வேறொரு விடை கிடைக்கிறது.

வேலையிழந்த மீகாமன்

ஸ்லோக்கம் 1844ஆம் ஆண்டில் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தவர். இளமையிலேயே கடலுக்குச் சென்று, படிப்படியாக உயர்ந்து மீகாமன் ஆனார். அமெரிக்கக் குடியுரிமையும் பெற்றார். அவருக்குச் சொந்தமான ‘அக்விட்நெக்’ என்னும் கப்பல் 1887இல் பிரேசில் கரையில் தரைதட்டி அழிந்தது. மனைவியோடும் இரு புதல்வரோடும் அயல்நாட்டில் தவித்த அவர், தம் கையாலேயே 35 அடி நீளப் படகு ஒன்றைக் கட்டினார். பிரேசிலில் அடிமை முறை ஒழிக்கப்பட்ட 1888 மே 13ஆம் நாளில் அது நீரில் இறங்கியது. அதனால் அதற்கு ‘விடுதலை’ எனப் பொருள்படும் போர்த்துக்கீசியப் பெயரைச் சூட்டினார். அப்படகிலேயே குடும்பத்துடன் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்.

இந்த நிகழ்ச்சியை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். பின்னர் அவர் மேற்கொண்ட தனிப்பயணம், கலம் கட்டவும் ஓட்டவும் அறிந்த ஒருவரின் செயல். அனுபவமற்ற ஒருவர் ஆவேசத்தில் இறங்கிய செயல் அன்று. ஆயினும் காலம் அவருக்கு எதிராக நின்றது. நீராவிக் கப்பல்கள் பெருகின. பாய்க்கப்பல் மீகாமர்களுக்கு வேலை அருகியது.

வயலில் கிடந்த கலம்

1892ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பாஸ்டன் நகரில், திமிங்கில வேட்டைக் கப்பலின் பழைய மீகாமர் ஒருவரை ஸ்லோக்கம் சந்தித்தார். அவர், தம்மிடம் ஒரு கலம் உள்ளது, சிறிது பழுது பார்க்க வேண்டும், வந்தால் கொடுத்துவிடுகிறேன் என்றார். ஃபேர்ஹேவன் என்னும் ஊருக்குச் சென்று பார்த்த ஸ்லோக்கத்துக்கு வியப்பு காத்திருந்தது. கலம் நீரில் இல்லை. வயலில் முட்டுக்கொடுத்து நிறுத்தப்பட்டு, மேலே கித்தான் போர்த்தப்பட்டுக் கிடந்தது. ‘ஸ்பிரே’ என்பது அதன் பெயர். ‘நீர்த்திவலை’ என்று தமிழில் சொல்லலாம். கடலைக் காணாமல் ஆண்டுகள் பல கழித்த அதனை உடைத்து விறகாக்கத்தான் ஸ்லோக்கம் வந்திருக்கிறார் என்று ஊரார் எண்ணினர்.

அவர் உடைக்கவில்லை, புதுப்பித்தார். அருகிலிருந்த மேய்ச்சல் நிலத்தில் வளர்ந்த வெள்ளை ஓக் மரத்தை வெட்டி, கலத்தின் முதுகெலும்பாகிய அடிக்கட்டையை அமைத்தார். வெட்டவெளியில் காற்றோடு போராடி வளர்ந்த ஓக்கைவிடக் கலத்துக்கு ஏற்ற மரம் இல்லை என்பது அவர் கருத்து. விலாச் சட்டங்களை நீராவிப் பெட்டியில் வேகவைத்து, நெகிழ்ந்த நிலையில் வளைத்துப் பொருத்தினார். பக்கங்களுக்கு ஒன்றரை அங்குலத் தடிப்புள்ள ஜார்ஜியா பைன் பலகைகள். மேற்றளத்துக்கு வெள்ளைப் பைன். பாய்மரத்துக்கு ஸ்புரூஸ் மரம். பழைய உறுப்பு ஒன்றைக் கழற்றினால் அவ்விடத்தில் புதியதொன்றைப் பூட்டினார். இவ்வாறு முற்றிலும் மாறிய பின்னும் அது பழைய ‘ஸ்பிரே’தானா என்னும் வினா எழுமன்றோ? கப்பல் வழக்கப்படி அது பழைய பெயருக்கே உரியது என்று அவரே விளக்கம் தருகிறார்.

பலகைகளின் இடுக்கை அடைக்கும் வேலையை நம் கடற்கரைத் தச்சர் கலப்பற்று என்பர். ஸ்லோக்கம் முதலில் பஞ்சை அடித்து இறுக்கி, அதன்மேல் பழங்கயிற்று நாரை அடைத்தார். வேடிக்கை பார்க்க வந்த முதிய கடலோடிகள் சிலர், பஞ்சு நாளடைவில் நகர்ந்து வெளிவந்துவிடும் என்று தலையசைத்தனர். நகரவில்லை என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின. அடிப்புறத்துக்குச் செம்புப் பூச்சுப் பூசினார். கடற்புழுவும் சிப்பியும் மரத்தை அழிக்காமல் தடுப்பதற்கு அக்காலத்தில் கையாண்ட முறை அது.

வேலை முடியப் பதின்மூன்று திங்கள் ஆயின. பொருட்செலவு 553 அமெரிக்க வெள்ளி 62 காசு. காசு வரையில் கணக்கெழுதிய மனிதரைக் கண்மூடித் துணிந்தவர் என்று எவ்வாறு கூறுவது? உருவான கலத்தின் நீளம் 36 அடி 9 அங்குலம். அகலம் 14 அடி 2 அங்குலம். நீளத்தை நோக்க அகலம் மிகுதி. முன்னே சமையலுக்கு ஆறடிச் சதுரத்தில் ஓரிடம். பின்னே தங்குவதற்கு ஓர் அறை. இரண்டுக்கும் நடுவே, தளத்தின் கீழே, பல திங்களுக்கு வேண்டிய தண்ணீரும் உணவும் வைக்கும் கிடங்கு.

எடுத்தவையும் விடுத்தவையும்

1895 ஏப்ரல் 24ஆம் நாள் ஸ்லோக்கம் பாஸ்டனிலிருந்து புறப்பட்டார். முதலில் தங்கிய இடம் குளோஸ்டர் என்னும் மீன்பிடித் துறை. உப்பிட்டு உலர்த்திய காட் மீனும், அலையை அடக்குவதற்கு ஒரு பீப்பாய் எண்ணெயும் அங்கே ஏறின. துணைப்படகு ஒன்று வேண்டும். ஆனால் முழுப் படகைத் தனியொருவரால் கலத்தின்மேல் தூக்கிவைக்க இயலாது. ஆகவே, பழைய படகு ஒன்றைக் குறுக்கே இரண்டாக அறுத்து, வெட்டுவாயைப் பலகையால் மூடி, அரைப்படகாக ஆக்கிக்கொண்டார். துணி துவைக்கும் தொட்டியும் குளிக்கும் தொட்டியும் அதுவே. இரவில் அறைக்கு ஒளி தந்த விளக்கு, பகலில் அடுப்பாகவும் பயன்பட்டது. ஒவ்வொரு பொருளும் ஓர் ஆளின் வலிமைக்கு அடங்க வேண்டும். முடிந்தால் இரண்டு வேலை செய்ய வேண்டும். இதுவே அவர் கையாண்ட அளவுகோல்.

நோவா ஸ்கோஷியாவின் யார்மத் துறையில் உருளைக்கிழங்கும் வெண்ணெயும் ஆறு பீப்பாய்த் தண்ணீரும் ஏற்றினார். தகரக் கடிகாரத்தை வாங்கியதும் அங்கேதான். விலை ஒன்றரை வெள்ளி. முகப்பு உடைந்திருந்தமையால் ஒரு வெள்ளிக்குக் கிடைத்தது. அவரிடம் கப்பற் கடிகாரம் ஒன்று முன்பே இருந்தது. அதைத் துப்புரவு செய்து சரிபார்க்க 15 வெள்ளி கேட்டார்கள். எனவே அதை வீட்டிலேயே விட்டுவிட்டார்.

இது கஞ்சத்தனமா, அறியாமையா? இரண்டும் அல்ல. நடுக்கடலில் கிழக்கு மேற்காக நாம் எங்கே இருக்கிறோம் என்பதை அறியக் கிரீனிச் நேரம் தெரிய வேண்டும். துல்லியமான கடிகாரம் அதை எளிதாகக் காட்டும். கடிகாரம் இல்லாதவர் வானத்தையே கடிகாரமாகக் கொள்ளலாம். சந்திரனுக்கும் மற்றொரு வானொளிக்கும் இடையிலுள்ள கோணத்தை அளந்து, அட்டவணையின் துணைகொண்டு நேரத்தைக் கணிக்கும் பழைய முறை அது. கணக்கு மிகக் கடினம். அக்காலத்திலேயே வழக்கொழிந்து வந்தது. ஸ்லோக்கம் அதில் வல்லவர். பசிபிக் கடலில் 43 நாள் நிலத்தையே காணாது சென்ற பின்னர் அவர் சந்திரனை அளந்தார். முதற்கணக்கு அவரைப் பல நூறு மைல் தள்ளிக் காட்டியது. தம் அளவையில் நம்பிக்கை கொண்ட அவர், பிழை அச்சிட்ட அட்டவணையில் இருப்பதைக் கண்டுபிடித்தார். அதைத் திருத்தியதும், ஓட்டக் கணிப்பும் வானக் கணிப்பும் ஐந்து மைலுக்குள் ஒத்துவந்தன. மார்க்கேசஸ் தீவுகளும் எதிர்பார்த்த இடத்தில் தோன்றின. கடிகாரத்தை விட்டுவிட்டு வந்தவர், அதற்கு ஈடான கல்வியை ஏற்றிக்கொண்டே வந்தார் என்பது இதனால் விளங்கும்.

வழியிற் கற்ற பாடம்

எல்லாம் முதலிலேயே செம்மையாக அமைந்தன என்று கூற முடியாது. அசோர்ஸ் தீவுகளில் அன்பர் தந்த பிளம் பழத்தையும் வெண்பாலாடைக் கட்டியையும் அளவின்றி உண்டு, நடுக்கடலில் வயிற்றுவலியால் துடித்து நினைவிழந்தார். உருகுவே கரையருகே கலம் மணலில் ஏறியபோது, நங்கூரத்தை அரைப்படகில் ஏற்றிச்சென்று போட முயன்று அப்படகு கவிழ்ந்தது. அவருக்கோ நீந்தத் தெரியாது. பாய்மரம் தென்கடற் காற்றுக்கு உயரம் மிகுதி என்று உணர்ந்து, புவனோஸ் அயர்ஸ் நகரில் அதை ஏழடி குறைத்தார். மகல்லன் நீரிணையில் பின்புறத்தில் ஒரு சிறு பாய்மரத்தையும் நட்டார். புண்டா அரீனாஸ் துறையில் நண்பர் ஒருவர் கம்பள ஆணி ஒரு பை தந்தார். இரவில் அவற்றை மேற்றளத்தில் முனை மேலாகப் பரப்பிவிட்டு உறங்கினார். வெறுங்காலுடன் ஏறிவந்தோர் அலறிக்கொண்டு கடலில் குதித்தனர். சமோவாவில் எழுத்தாளர் ஸ்டீவன்சனின் மனைவியார், மறைந்த தம் கணவர் வைத்திருந்த கடல்வழி நூல்களை அவருக்கு அளித்தார். இவ்வாறு கலத்தைப் பொருத்தும் வேலை ஒவ்வொரு துறையிலும் தொடர்ந்தது.

அவ்வேலையின் பயனை நம் பக்கத்துக் கடலே காட்டியது. 1897இல் ஆஸ்திரேலியாவின் வடமுனையிலுள்ள வியாழத் தீவிலிருந்து கீலிங் தீவுகள் வரை, 2,700 மைலை 23 நாளில் கடந்தார். அவ்வளவு நாளிலும் அவர் சுக்கான் பிடித்த நேரம் மொத்தம் ஏறக்குறைய மூன்று மணியே. நீண்ட அடிக்கட்டையும் அகன்ற உடலும் சரியாக நிறுத்திய பாய்களும் சேர்ந்தமையால், சுக்கானைக் கட்டிவிட்டால் கலம் தானே நேர்வழி சென்றது. கீலிங் தீவுகள் அன்று சிங்கப்பூரைத் தலைநகராகக் கொண்ட நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநருக்கு உட்பட்டவை; 1955இல்தான் ஆஸ்திரேலியாவுக்கு மாற்றப்பட்டன. அங்கே ‘ஸ்பிரே’யின் அணியம் ஒரு பவளத் திட்டில் மோதியது. திட்டு இரண்டாகப் பிளந்தது; ஃபேர்ஹேவன் மேய்ச்சல் நிலத்து ஓக் மரத்தில் ஒரு வடுவும் இல்லை.

1898 ஜூன் 27ஆம் நாள் அவர் அமெரிக்காவின் நியூபோர்ட் துறையை அடைந்தார். மூன்று ஆண்டு இரண்டு திங்களுக்குச் சற்று மேலாகியிருந்தது. அவர் எழுதிய பயண நூல் 1900இல் வெளிவந்தது.

குளோஸ்டரும் வல்வெட்டித்துறையும்

ஸ்லோக்கம் உணவேற்றிய அதே குளோஸ்டர் துறைக்கு 1938 ஆகஸ்டில் மற்றொரு மரக்கலம் வந்து சேர்ந்தது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தமிழ்த் தச்சர் கட்டிய ‘அன்னபூரணி அம்மாள்’ அது. 1928 முதல் 1931 வரை சிறு பாய்க்கலத்தில் உலகைச் சுற்றிய வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்கர், அதை விலைக்கு வாங்கி வேறு பெயர் சூட்டினார். அட்லாண்டிக் கடலைத் தாண்டி அதைச் செலுத்தி வந்தோர் வல்வெட்டித்துறைத் தமிழ் மாலுமிகள். கலங்களை நன்கறிந்த ஒருவர் தேடிச்சென்று வாங்கியது நம் தச்சரின் கைவேலையை என்பதை எண்ணுங்கால் பெருமிதம் தோன்றுகிறது. கரையில் நேர்மையாகச் செய்த வேலை எந்தக் கடலிலும் செல்லும் என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

ஸ்லோக்கத்தின் முடிவையும் சொல்லியாக வேண்டும். முதுமையில் அதே ‘ஸ்பிரே’யில் தெற்கே புறப்பட்ட அவர் திரும்பவேயில்லை. 1909 நவம்பரில் அவர் இறந்ததாகச் சட்டப்படி 1924இல் கொள்ளப்பட்டது. என்ன நேர்ந்தது என்பதை எவரும் காணவில்லை. ஆனால் அவ்விறுதி ஆண்டுகளில் கலத்தைக் கண்ட சிலர், அது முன்போல் பேணப்படாமல் தேய்ந்திருந்ததாகக் குறித்துள்ளனர். மீகாமனின் துணிவு குறைந்ததாக ஒருவரும் கூறவில்லை என்பது நம் கருத்துக்குரியது.

ஆகவே, இவ்வரலாற்றை மாணவர்க்குக் கூறும் ஆசிரியப் பெருமக்கள், கொள்ளைக்காரரையும் புயலையும் சொல்வதோடு, பதின்மூன்று திங்களையும் 553 வெள்ளி 62 காசையும் சேர்த்துச் சொல்வார்களாக. தகரக் கடிகாரத்தைக் கூறி நகைக்கும்போது, அதை வாங்கியவருக்குச் சந்திரனைக் கொண்டு நேரம் பார்க்கத் தெரியும் என்பதையும் மறவாது கூறுவார்களாக.