முள்ளும் கோப்பித் துருவும்: உள்ளார்ந்த நிர்ப்பீடனத்தின் கதை

காலில முள்ளுக் குத்தினால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அடுத்த நாள் அந்த இடம் சிவக்கும், வீங்கும், தொட்டால் சுடும். முள்ளை எடுக்காமல் விட்டால் சீழ் கட்டும். "பழுத்திட்டுது" என்று அம்மம்மா சொல்லுவா. உயர்தர உயிரியலில் இதற்கு அழற்சி என்று பெயர். அறிகுறிகளை மனப்பாடம் செய்து, பரீட்சையில் எழுதி, மறந்துவிட்டோம். அந்தச் சீழில் இருப்பவை பெரும்பாலும் நமக்காகச் சண்டை போட்டுச் செத்த வெண்குழியங்கள் என்பதை நின்று யோசித்தவர்கள் குறைவு.

இந்தக் கட்டுரை அந்தச் சண்டையைக் கண்டுபிடித்தவர்களைப் பற்றியது. கதை 1882இல் தொடங்குகிறது. ஒரு முனை இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கிறது. மற்ற முனை, நம்புங்கள், எங்கட மலைநாட்டில் இருக்கிறது.

மெசினாவில் ஒரு ரோஜா முள்

இலியா மெச்னிகோவ் ரஷ்யப் பேரரசில் பிறந்த விலங்கியலாளர். மருத்துவர் அல்ல. அரசியல் குழப்பங்களால் ஒடெசா பல்கலைக்கழக வேலையை 1882இல் விட்டுவிட்டு, மனைவி ஒல்காவோடும் அவரின் சகோதரர்களோடும் மெசினா நகரக் கடற்கரையில் வந்து தங்கியிருந்தார். ஒருநாள் வீட்டார் எல்லாரும் சர்க்கஸ் பார்க்கப் போய்விட்டார்கள். இவர் தனியே இருந்து நுணுக்குக்காட்டியில் நட்சத்திர மீனின் குடம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி போன்ற உடல், உள்ளே அங்குமிங்கும் நகரும் கலங்கள். அப்போதுதான் அவருக்கு ஒரு யோசனை வந்தது: இந்தக் கலங்கள் உணவை மட்டுமா விழுங்குகின்றன? உள்ளே நுழையும் எதிரியையும் விழுங்கினால்?

தோட்டத்துக்குப் போய் ரோஜா முட்கள் சிலவற்றை எடுத்துவந்து, குடம்பிகளின் தோலுக்குள் குத்திவிட்டார். அன்றிரவு அவருக்கு நித்திரை இல்லை. விடிந்ததும் பார்த்தால், முள்ளைச் சுற்றிக் கலங்கள் மொய்த்துக்கிடந்தன. அந்தப் பிராணிக்கு இரத்தமும் இல்லை, இரத்தக்குழாயும் இல்லை. ஆனாலும் எங்கட காலில் நடப்பதே அங்கேயும் நடந்தது.

வியன்னாவில் கிளவுஸ் என்ற பேராசிரியர் இந்தக் கலங்களுக்குக் கிரேக்க மொழியில் ஒரு பெயர் சொல்லிக் கொடுத்தார். நாம் தின்குழியம் என்று படிப்பது அதைத்தான். 1884இல் மெச்னிகோவ் டப்னியா என்ற சின்ன நீர்த்தெள்ளை எடுத்து, அதன் உடலுக்குள் புகும் ஒருவகை மதுவத்தைக் கலங்கள் சூழ்ந்து அழிப்பதைக் காட்டினார். கலங்கள் வென்றால் தெள்ளு பிழைத்தது. தோற்றால் செத்தது.

கலமா, சாறா?

இதை எல்லாரும் கைதட்டி வரவேற்றார்கள் என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்து மருத்துவர்கள் பலருக்கு வெண்குழியங்கள் கிருமிகளை உடம்பெல்லாம் காவிச்செல்லும் வண்டிகள். ஜேர்மனியில் ரொபர்ட் கொக்கின் வட்டத்தினர், கிருமியைக் கொல்வது இரத்தத்தின் திரவப் பகுதியே என்றார்கள். 1890இல் பேரிங், கிட்டசாட்டோ இருவரும் ஏற்பி வலிக்கு எதிரான ஆற்றலை ஒரு விலங்கின் சீரத்திலிருந்து இன்னொரு விலங்குக்கு மாற்றிக் காட்டியபோது அந்தப் பக்கம் ஓங்கியது. சீரத்தில் இருந்தவையே பிறபொருளெதிரிகள். 1888இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவகத்தில் சேர்ந்துவிட்ட மெச்னிகோவ் அங்கிருந்து விடாமல் வாதாடினார்.

1908இல் நோபல் குழு மெச்னிகோவுக்கும், பிறபொருளெதிரிக் கோட்பாட்டின் நாயகன் போல் எர்லிச்சுக்கும் பரிசைப் பகிர்ந்து கொடுத்தது. பேப்பரில் சமாதானம். நடந்தது வேற. அடுத்த பல பத்தாண்டுகள் ஆய்வுக்கூடங்கள் பெரும்பாலும் எர்லிச்சின் வழியிலேயே போயின. தடுப்பூசி, நினைவுக் கலங்கள், ஒவ்வொரு கிருமிக்கும் ஒவ்வொரு பிறபொருளெதிரி என்று பெறப்பட்ட நிர்ப்பீடனம் அரியணையில் ஏறியது. பிறக்கும்போதே கூட வரும் உள்ளார்ந்த நிர்ப்பீடனம் வாசல் காவலாளி மாதிரி ஒதுக்கிவைக்கப்பட்டது. 1922இல் அலெக்சாண்டர் பிளெமிங் கண்ணீரிலும் மூக்குச்சளியிலும் பக்டீரியாவை உடைக்கும் லைசோசைம் என்ற நொதியத்தைப் பற்றி எழுதியபோதும் பெரிய பரபரப்பு எழவில்லை. அவரின் பெனிசிலினைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது.

ஆனால் ஒரு சின்னக் கணக்கு இடித்துக்கொண்டே இருந்தது. விலங்கினங்களில் 95 வீதத்துக்கும் மேலானவை முள்ளந்தண்டிலிகள். அவற்றிடம் பிறபொருளெதிரியே கிடையாது. தாவரங்களிடமும் இல்லை. அப்ப அவை எப்படி இவ்வளவு காலம் உயிரோடு இருக்கின்றன?

பேராதனையில் ஒரு கோப்பி இலை

இப்போது மலைநாட்டுக்கு வருவோம். தேயிலைக்கு முதல் இங்கே கோப்பிதான் ராசா. 1869இல் மடுல்சீமைப் பக்கத் தோட்டங்களில் இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூள் படிந்த புள்ளிகள் தென்பட்டன. பேராதனைப் பூங்காவிலிருந்து மாதிரிகள் இங்கிலாந்துக்குப் போயின. பங்கசு நிபுணர் பேர்க்லி அதற்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். பெயரின் பின்பாதிக்கு நாசமாக்குவது என்று பொருள். பெயருக்கேற்ற மாதிரியே நடந்தது. 1870 அளவில் ஆண்டுக்குச் சுமார் 10 கோடி இறாத்தல் கோப்பி ஏற்றுமதி செய்த நாடு, 1880களின் முடிவில் அதில் ஒரு சிறு பங்கை மட்டுமே அனுப்பக்கூடிய நிலையில் நின்றது.

அரசாங்கம் 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளைஞரை அனுப்பியது. வயது 26. இரண்டு வருசம் பேராதனையை மையமாக வைத்து வேலை செய்தார். காற்றில் வரும் வித்திகளைக் கண்ணாடித் தகடுகளில் பிடித்தார். நீர்த்துளி ஒன்று போதும், வித்தி முளைத்து இலையின் அடிப்பக்க இலைவாய் வழியே உள்ளே போய்விடும் என்று காட்டினார். மருந்து கேட்ட துரைமாருக்கு அவர் கொடுத்தது கசப்பான விடைதான். காட்டை வெட்டி, மலைமேல் மலையாக ஒரே செடியை இடைவெளி இல்லாமல் நட்டதுதான் நோய்க்கு விரித்த கம்பளம் என்றார். 1882இல், மெச்னிகோவ் முள்ளைக் குத்திய அதே வருசத்தில், வார்ட் இலங்கையை விட்டுப் போனார்.

ஆனால் துருவை அவர் விடவில்லை. பிற்காலத்தில் கேம்பிரிட்ஜில் இருந்து புல்லினங்களைத் தாக்கும் துருப் பங்கசுகளை ஆராய்ந்தார். சில புல்லில் துரு செழிக்கிறது, சிலவற்றில் பிடிக்கவே மாட்டேன் என்கிறது. ஏன்? இலையின் மயிரோ, இலைவாயின் எண்ணிக்கையோ காரணம் அல்ல, கலத்துக்குள் நடக்கும் ஏதோ ஒன்றுதான் காரணம் என்று 1902 அளவில் முடிவுக்கு வந்தார். எதிர்ப்புள்ள புல்லில், பங்கசு தொட்ட கலங்கள் உடனே செத்துப்போகின்றன. உயிருள்ள கலத்தில் மட்டும் வாழத்தெரிந்த துருவுக்கு அதோட சாப்பாடு முடிந்தது. வீட்டுக்குத் தீ பரவாமல் இருக்க வேலியை வெட்டிவிடுவது மாதிரி.

யோசித்துப் பாருங்கள். தாவரத்துக்கு ஓடிவந்து விழுங்கும் வெண்குழியம் இல்லை. ஒவ்வொரு கலமும் தன் காவலைத் தானே பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் செத்தும் காக்க வேண்டும். 1905இல் பிஃபென், கோதுமையின் துரு எதிர்ப்பு மெண்டலின் விதிப்படி பரம்பரையாகக் கடத்தப்படுகிறது என்று காட்டினார். 1940களில் அமெரிக்காவின் வட டகோட்டாவில் ஹரல்ட் ஃபுளோர் ஆளிச் செடியையும் அதன் துருவையும் வைத்து இன்னொரு படி ஏறினார். செடியின் ஓர் எதிர்ப்புப் பரம்பரையலகுக்கு ஈடாகப் பங்கசிலும் ஒரு பரம்பரையலகு இருக்கிறது என்றார். அதாவது செடி, எதிரியிடம் உள்ள ஏதோ ஓர் அடையாளத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறது.

"அழுக்கு இரகசியம்"

மருத்துவ உலகம் இதே இடத்துக்கு வரத் தாமதமானது. 1989இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்ள்ஸ் ஜேன்வே ஒரு சங்கடமான உண்மையைப் போட்டுடைத்தார். சுத்தமான புரதத்தை மட்டும் ஊசியாக ஏற்றினால் உடம்பு பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. கூடவே செத்த பக்டீரியாத் துண்டுகளைக் கலந்தால்தான் நிர்ப்பீடனம் விழிக்கிறது. இதை அவர் தன் துறையினரின் அழுக்கு இரகசியம் என்றார். அப்படியென்றால் பிறபொருளெதிரிகளுக்கு முன்னால், கிருமிகளுக்குப் பொதுவான அடையாளங்களைத் தெரிந்துவைத்திருக்கும் ஒரு பழைய காவல் இருக்க வேண்டும். அந்தக் காவல் "ஆபத்து" என்று சொன்னால்தான் மற்றப் படை எழும்பும்.

விடை பழ ஈயிடமிருந்து வந்தது. ஈயின் முளையத்தில் முதுகு எது வயிறு எது என்று தீர்மானிக்கும் டோல் என்ற பரம்பரையலகு முன்பே தெரிந்திருந்தது. ஜேர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்கு "அபாரம்" மாதிரி ஒரு பொருள். 1996இல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பேர்க்கில் ஜூல்ஸ் ஹொஃப்மனின் ஆய்வுக்கூடத்தில் புரூனோ லெமேத்தரும் கூட்டாளிகளும், டோல் வேலை செய்யாத ஈக்கள் பங்கசுத் தொற்றில் செத்துப்போவதைக் காட்டினார்கள். ஈயின் உடலில் பங்கசு மயிர் மயிராக முளைத்திருக்கும் அந்தப் படம் உலகப் பிரசித்தம். 1997இல் ஜேன்வேயும் ருஸ்லான் மெட்ஷிடொவும் மனிதரிலும் அதைப் போன்ற ஒன்றைக் கண்டார்கள். 1998இல் புரூஸ் பொய்ட்லரின் குழு, சில பக்டீரியாக்களின் வெளிச்சுவரில் உள்ள நச்சை உணர்வது டோல் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வாங்கிதான் என்று எலிகளில் நிரூபித்தது.

ஆனால் ஒரு விசயம் பலருக்குத் தெரியாது. தாவர ஆய்வாளர்கள் இதற்கு முன்பே வாசலில் நின்றார்கள். 1994இல், வைரசுக்கு எதிராகப் புகையிலையைக் காக்கும் பரம்பரையலகு ஒன்றைப் பிரித்தெடுத்தபோது, அதன் ஒரு பகுதி ஈயின் டோலை ஒத்திருப்பதைக் கண்டார்கள். 1995இல் கலிபோர்னியாவில் பமேலா ரொனால்டின் குழு, நெல்லின் பக்டீரிய இலைக்கருகலைத் தடுக்கும் பரம்பரையலகைப் பிரித்தெடுத்தது. அது மேற்கு ஆபிரிக்காவின் மாலியில் வளர்ந்த ஒரு காட்டு நெல்லிலிருந்து வந்தது. 2000, 2001 ஆண்டுகளில் இன்னொரு ஒற்றுமை தெரிந்தது. பக்டீரியாவின் நீந்தும் வால் எந்தப் புரதத்தால் ஆனதோ, அதே புரதத்தைச் சிறு கடுகினச் செடி ஒன்றும் உணர்கிறது, எங்கட உடம்பும் உணர்கிறது. ஆனால் இரண்டும் அதன் வெவ்வேறு பகுதிகளைப் பிடிக்கின்றன. ஒரே பாட்டனிடமிருந்து கிடைத்த சொத்து என்பதைவிட, இரு பக்கமும் தனித்தனியே ஒரே உபாயத்துக்கு வந்து சேர்ந்தன என்றே பலர் கருதுகிறார்கள்.

2011இல் ஹொஃப்மனுக்கும் பொய்ட்லருக்கும் நோபல் கிடைத்தது. கிளைக்கலங்களைக் கண்டுபிடித்த ரால்ஃப் ஸ்டைன்மனுக்கும் கிடைத்தது, அறிவிப்புக்கு மூன்று நாள் முன் அவர் இறந்திருந்தார். ஜேன்வே 2003இலேயே போய்விட்டார். மெட்ஷிடொவ், லெமேத்தர் பெயர்கள் பட்டியலில் இல்லை. அதைப் பற்றி எழுந்த சர்ச்சை லேசில் அடங்கவில்லை. தாவரப் பக்கத்துக்கு அந்த மேடையில் இடமே இல்லை.

இது எங்களுக்கு எதற்கு?

கொரோனாக் காலத்தில் ஒரே வைரஸ் ஒருவரைத் தும்மலோடு விட்டது, இன்னொருவரைக் கொன்றது. 2020இல் வெளியான ஓர் ஆய்வில், கடுமையாக நோயுற்ற 987 பேரில் 101 பேரின் இரத்தத்தில் இன்டர்பெரோனைத் தாக்கும் பிறபொருளெதிரிகள் இருந்தன. இன்டர்பெரோன் என்பது வைரஸ் நுழைந்ததும் கலங்கள் அடிக்கும் முதல் அபாய மணி. பெறப்பட்ட நிர்ப்பீடனமே உள்ளார்ந்த நிர்ப்பீடனத்தின் வாயை அடைத்திருக்கிறது. மெச்னிகோவும் எர்லிச்சும் சேர்ந்து இருந்து பார்க்கவேண்டிய ஆய்வு அது.

மலைநாட்டுக் கதைக்கும் ஒரு முடிவு இருக்கிறது. கோப்பி செத்த இடத்தில் தேயிலை வந்தது. கோப்பிக்குத் தொழிலாளர்கள் பெரும்பாலும் பருவத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்து, திரும்பிப் போனவர்கள். தேயிலைக்கு வருசம் முழுக்கக் கொழுந்து பறிக்கவேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாக லயங்களில் தங்கவைக்கப்பட்டார்கள். மலையகத் தமிழர் இங்கே நிலைகொண்டதன் பின்னால் இருக்கிற பல காரணங்களில் ஓர் இலைப் பங்கசும் ஒன்று. 1948இல் அவர்களின் குடியுரிமையைப் பறித்தது பங்கசு அல்ல, மனிதர்கள். அந்தக் கணக்கை இயற்கையின் தலையில் கட்ட முடியாது.

துருவும் போய்விடவில்லை. 2012-13இல் மத்திய அமெரிக்காவின் கோப்பித் தோட்டங்களை அது மறுபடி உலுக்கியது. முதல் அடி அங்கேயும் கூலித்தொழிலாளர்களுக்குத்தான். நல்ல எதிர்ப்புப் பரம்பரையலகு ஒன்றைச் செடிக்குள் வைத்துவிட்டு, அதே ஒரு வகையை மலைமுழுக்க நட்டால், பங்கசு தன் அடையாளத்தை மாற்றிக்கொண்டு ஒருநாள் திரும்பி வரும். வார்ட் துரைமாருக்குச் சொன்ன விடை இன்னும் பழசாகவில்லை.

அடுத்தமுறை காலில் முள்ளுக் குத்திச் சிவந்தால், அதைக் கொஞ்சம் உற்றுப்பாருங்கள். நட்சத்திர மீனின் குடம்பியில் மெச்னிகோவ் விடிய எழும்பிப் பார்த்தது அதைத்தான். பிறகு மறக்காமல் முள்ளை எடுத்துவிடுங்கள்.