குப்பி வந்தது, காகிதம் வரவில்லை

சுண்டுவிரல் உயரத்தில் ஒரு கண்ணாடிக் குப்பி. உள்ளே ஐந்து மில்லி மருந்து, பத்து பேருக்கு அரை மில்லி வீதம். 2021 செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. தமிழ்நாடு முழுக்க 40,000 இடங்களில் முகாம் போட்டு 28 லட்சம் பேருக்கு மேல் கொரோனா ஊசி போட்ட நாள். அன்று அப்படியொரு குப்பியைச் சென்னை ஓரத்துக் கீழ்க்கட்டளையில் ஒரு வகுப்பறையில் வைத்துத் திறந்தார்கள். அதில் அரை மில்லி என் இடது கையில் இறங்கியது.

குப்பிக்குப் பிறந்த ஊர் புனே, சீரம் இன்ஸ்டிடியூட். ஆக்ஸ்ஃபோர்டில் உருவாகி, அஸ்ட்ராஜெனெகா கைக்குப் போய், இங்கே கோவிஷீல்டு என்று பெயர் வாங்கியது. சிம்பன்சிக்குச் சளி பிடிக்கவைக்கும் ஒரு வைரஸைப் பெருக முடியாதபடி முடக்கி, கொரோனாவின் முள் புரதத்தைச் செய்யும் குறிப்பை அதன் முதுகில் ஏற்றியிருந்தார்கள். ஒரு டோஸில் 5,000 கோடி துகள்கள். இத்தனை பேர் ஒன்றாக உள்ளே நுழைந்தால் உடம்பு சும்மா இருக்குமா? மறுநாள் முழுக்க நான் போர்வைக்குள் கிடந்தேன். காய்ச்சல், தலைவலி, குளிர், தூக்க முடியாத கை. எதிர்வீட்டு அக்கா என்னோடு அதே வரிசையில் நின்றவர், வயதில் பதினைந்து ஆண்டு மூத்தவர்; அவருக்குக் கைவலியோடு சரி. இந்த ஊசியின் குணமே அப்படித்தான். இளையவர்களைத்தான் அதிகம் படுத்தும், அதுவும் முதல் தவணையில்.

புனேயிலிருந்து சென்னைக்கு முதல் சரக்கு விமானத்தில் வந்தது 2021 ஜனவரி 12 அன்று. 5,36,500 டோஸ், அதாவது 53,650 குப்பிகள். மீனம்பாக்கத்தில் இறங்கியவை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்து மாநிலக் கிடங்குக்குப் போயின. பிறகு வந்தவற்றுக்கும் அதே தடம்தான். விமான நிலையத்திலிருந்து பல்லாவரம் ரேடியல் ரோடு பிடித்தால் கீழ்க்கட்டளை கூப்பிடு தூரம். குப்பியோ ஊரைத் தாண்டி வடக்கே போய், மாவட்டக் கிடங்குக்கு இறங்கி, மறுபடி எங்களிடம் வர வேண்டும். போகிற வழியில் கிண்டி; 1899-லிருந்து அம்மைத் தடுப்பு மருந்து செய்த கிங் இன்ஸ்டிடியூட் அங்கேதான் இருக்கிறது. எங்கள் செங்கல்பட்டு மாவட்டத்துத் திருமணியில் தடுப்பூசி செய்வதற்கென்றே கட்டிய மத்திய அரசின் தொழிற்சாலை ஒரு சொட்டும் தராமல் கிடந்தது. 2021 மே மாதம் முதல்வர் ஸ்டாலின் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அதோடு சரி.

வழி நெடுக இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் இடையில் வைத்திருக்க வேண்டும். சூடு பட்டால் கெடும், உறைந்தாலும் கெடும். அதனால் முகாமுக்கு வரும் நீலப் பெட்டிக்குள் ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்த சூட்டோடு வைக்கக் கூடாது (சூடு என்று சொல்லலாமா, தெரியவில்லை). கொஞ்சம் வெளியே வைத்து, காதோரம் ஆட்டிப் பார்த்து, உள்ளே தண்ணீர் சலசலத்தால்தான் வைக்கலாம். இத்தனை கோடி ரூபாய் அறிவியல் கடைசியில் ஒரு நர்ஸின் காதை நம்பி நின்றது எனக்குப் பிடித்திருந்தது.

நான் ஏன் செப்டம்பர் வரை போகவில்லை? நடிகர் விவேக்தான் காரணம். 2021 ஏப்ரல் 15 அன்று ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் எல்லார் முன்னாலும் ஊசி போட்டுக்கொண்டார், 17-ஆம் தேதி மாரடைப்பில் இறந்தார். அவர் போட்டது கோவாக்சின், வேறு குப்பி. பயத்துக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. அந்த மாதம் நர்ஸுகள் "பத்து பேர் சேரட்டும்" என்று குப்பியைத் திறக்காமல் காத்திருந்தார்கள். திறந்தால் சில மணி நேரத்தில் தீர்த்தாக வேண்டும், மிச்சம் வீண். ஊசிக்கும் அவர் மரணத்துக்கும் தொடர்பில்லை, தற்செயல் என்று தேசிய ஆய்வுக் குழு முடிவு சொல்ல அக்டோபர் ஆயிற்று. அதற்குள் நான் போட்டுக்கொண்டுவிட்டேன்.

ஊசி போட்டதும் அரை மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பாதிப் பேர் நழுவப் பார்த்தார்கள். அந்த நாற்காலி சும்மா போட்டதல்ல. தீவிர ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் அந்த அரை மணிக்குள் வரும், பக்கத்துப் பெட்டியில் அட்ரினலின் இருக்கும். அதே ஆண்டு மார்ச் 8 அன்று ஊசி போட்டுக்கொண்ட 68 வயதுக்காரர் ஒருவர் அப்படித்தான் இறந்தார். ஊசியால் நேர்ந்த மரணம் என்று தேசியக் குழு முதன்முதலில் உறுதிசெய்தது அதைத்தான்.

நாற்காலியால் பிடிக்க முடியாத ஒன்றும் இருந்தது: ரத்தம் உறைதல். அபூர்வமாகச் சிலர் உடம்பில், பிளேட்லெட் ஃபாக்டர் 4 என்ற நம் சொந்தப் புரதத்துக்கு எதிராகவே எதிர்ப்பொருள் உருவாகிறது. தட்டணுக்கள் குறையும், அதே நேரம் ரத்தம் கட்டும். 2021 மே 17 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் கணக்குச் சொன்னது: தீவிரமான 498 பேரின் விவரங்களை ஆராய்ந்ததில் 26 பேருக்கு அப்படி இருக்கலாம். பத்து லட்சம் டோஸுக்கு 0.61. பிரிட்டனில் 4, ஜெர்மனியில் 10. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, விடாத வயிற்றுவலி, கடுமையான தலைவலி, தோலில் ஊசிமுனைச் சிவப்புப் புள்ளிகள் என்று இருபது நாளைக்குள் எது வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றும் அதில் இருந்தது. சரியான அறிவிப்பு. ஆனால் அந்த வாரம் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. ஆக்சிஜன் படுக்கை தேடிக்கொண்டிருந்தவர்கள் எங்கே படிப்பார்கள்?

செப்டம்பரில் படித்திருக்கலாம். அன்று எங்களிடம் சொன்னது "காய்ச்சல் வந்தா பாராசிட்டமால் போடுங்க" என்ற ஒரு வரிதான். நர்ஸைக் குறை சொல்ல மாட்டேன். வாசல் வரை வரிசை நின்றது. சொன்னால் ஜனம் பயந்து ஓடும் என்று மேலே யாரோ நினைத்திருக்க வேண்டும். எனக்கு அதில் உடன்பாடில்லை. சொல்லாமல் விட்ட பயம் வட்டியோடு திரும்பி வரும்.

வந்தது. 2024 ஏப்ரல் கடைசியில், ரத்தம் உறைவதை அஸ்ட்ராஜெனெகா லண்டன் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டதாகச் செய்தி பரவியது. 2021 டிசம்பரிலிருந்தே புதிதாகத் தயாரிக்கவில்லை, இந்த அபாயத்தை அந்த ஆண்டே பெட்டிக்குள்ளிருந்த காகிதத்தில் அச்சிட்டுவிட்டோம் என்றது சீரம். எதிர்வீட்டு அக்கா சான்றிதழை எடுத்துக்கொண்டு வந்தார். "தம்பி, நாம போட்டது இதுதானே? எப்ப வேணா அடைக்குமாமே?"

வருவதாக இருந்தால் சில வாரங்களுக்குள் வந்திருக்கும் அக்கா, இரண்டரை வருஷம் ஆகிவிட்டது என்றேன். "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றார்.

அடுத்து எந்த ஊசிக்குப் போனாலும், அட்டைப்பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.