புட்என்வ் கெடுத்த தூக்கம்

2000-ல் புனே வந்த புதிது. ஒரு சி ஃபங்ஷனுக்குள் லோக்கல் அரேயில் நேர மண்டலத்தை எழுதி புட்என்வ் கையில் கொடுத்தேன். என் மெஷினில் ஓடியது. கஸ்டமர் இடத்தில் ரிப்போர்ட் முழுக்க ஐந்தரை மணி நேரம் பின்னால்!

இதற்குப் பின்னால் கொஞ்சம் சரித்திரம் இருக்கிறது. ஆறாம் பதிப்பு யுனிக்ஸில் கட்டளைகளை எங்கே தேடுவது என்பது ஷெல்லுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. 1979-ல் பெல் லேப்ஸின் ஏழாம் பதிப்பில்தான் என்விரான்மென்ட் வந்தது. ஸ்டீபன் போர்னின் ஷெல் அதில் பாத் என்ற மாறியை வைத்தது. பிள்ளை புரோகிராமுக்குக் கிடைப்பது நகல் மட்டும். அது எதை மாற்றினாலும் அப்பா ஷெல்லுக்கு எட்டாது (நம் வீடுகளில் தலைகீழ் என்பது வேறு கதை).

படிக்க கெட்என்வ். 1989-ன் சி தரத்தில் இடம் கிடைத்தது அதற்கு மட்டும்தான். மாற்றும் வேலையை ஆளுக்கொரு விதமாகச் செய்தார்கள். சிஸ்டம் ஃபைவ் வழி வந்த புட்என்வ், நாம் கொடுத்த முகவரியையே பட்டியலில் செருகிவிடும். பெர்க்லிக்காரர்கள் நகலெடுத்தார்கள். லினக்ஸின் ஜிலிப்சியும் 2.1.1 வரை நகலெடுத்தது. 1999-ல் வந்த 2.1.2 நிறுத்திவிட்டது. என் மேஜையில் பழையது, கஸ்டமரிடம் புதியது. ஃபங்ஷன் முடிந்ததும் என் அரே இருந்த இடம் வேறு எதற்கோ போய்விட்டது. நேர மண்டலமும் கூடவே போயிற்று. சர்வர் தன் யுடிசிக்கே திரும்பிவிட்டது.

விடியற்காலை நாலு மணிக்கு செட்என்வ் என்று மாற்றினேன். அது நகலெடுக்கும், 2001-ல் போசிக்ஸ் தரத்திலும் சேர்ந்தது. ஒரே வரிதான். ஆனாலும் என் ப்ரொபேஷனை மூன்று மாதம் நீட்டினார்கள். ஊருக்கு போன் செய்தபோது அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.