ஓய்வு நேர்ந்தால் உட்காரலாம்

நின்றபடியே வேலை செய்பவர்களுக்கு இருக்கை வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆவது பிரிவு சொன்னது. எதற்காக? வேலைக்கு நடுவே ஓய்வு வாய்த்தால் உட்கார்ந்துகொள்ள. எந்த வேலையிலும் எப்போதாவது தானாக ஓர் இடைவெளி விழும் என்ற நம்பிக்கை அந்த வாசகத்துக்குள் இருக்கிறது. அரை நூற்றாண்டு கழித்து ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக்கு வந்த தொழில்முறை முதலில் துடைத்தெடுத்தது அந்த இடைவெளியைத்தான். இங்குள்ள தொழிலாளரின் கழுத்துவலி, தோள்வலிக்கு வரலாறு எழுதுவதானால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர்கள் இவை. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உருவாகத் தொடங்கியது. 2006இல் நோக்கியாவின் செல்போன் ஆலையும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலையும் வந்தன. பண்டங்கள் வேறுவேறு, அசெம்பிளி லைன் ஒன்றுதான். எலக்ட்ரானிக் அசெம்பிளியில் ஒரு கையசைவைப் பாருங்கள்: பலகை வந்து நிற்கிறது, தலை கவிழ்கிறது, முழங்கைக்குத் தாங்கல் இல்லாமல் கை முன்னே நீள்கிறது, திருகு இறங்குகிறது, அடுத்த பலகை வந்துவிடுகிறது. இப்படியே ஒரு ஷிப்ட் முழுவதும் போனால் மார்புத் தசையும் தோளின் மேல்தசையும் இறுகுகின்றன. கழுத்தின் முன்புற ஆழ்தசைகளும் தோள்பட்டையைக் கீழே பிடித்து வைக்கும் தசைகளும் தளர்கின்றன. இறுக்கமும் தளர்ச்சியும் பெருக்கல் குறிபோல் குறுக்கிட்டு நிற்கும் இந்த அமைப்புக்குச் செக் மருத்துவர் விளாதிமிர் யாண்டா கடந்த நூற்றாண்டில் பெயரிட்டு விளக்கினார்.

நாளெல்லாம் குனிந்து நாற்று நட்டவர்களுக்கு இடுப்பு வலிக்கவில்லையா என்று கேட்கலாம். வலித்தது, வயல் வேலையைச் சொர்க்கமாக்க வேண்டியதில்லை. ஆனால் நடவு முடிந்தால் களை, களை முடிந்தால் அறுப்பு, பிறகு கட்டுத் தூக்கிக் களத்துக்கு நடை என்று பருவம் உடம்பை மாற்றி மாற்றி வளைத்தது. லைனுக்குப் பருவம் கிடையாது. இன்னொரு மறுப்பு வலுவானது: கூன் விழுந்த தோளுக்கும் வலிக்கும் நேரடித் தொடர்பு இல்லை, கூனியும் வலியின்றி வாழ்பவர்கள் ஏராளம் என்று இன்றைய ஆய்வாளர் பலர் சொல்கிறார்கள். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வளைந்து நிற்பதைவிட, நின்ற நிலையை மாற்ற முடியாமல் போவதுதான் உடம்பைப் படுத்துகிறது. ஆகவே ‘நிமிர்ந்து நில்’ என்பது மருந்தாகாது. நாற்காலி மட்டும் போட்டாலும் தீராது; உட்கார்ந்து குனிந்தவருக்கும் கழுத்து பிடிக்கத்தான் செய்யும்.

வைத்தியம் இல்லாமல் இல்லை. கழுத்தில் தொடங்கித் தோளுக்கு இறங்கும் வலியைச் சித்த மருத்துவம் சகனவாதம் என்று அறிந்திருந்தது. தட்டல், இறுக்கல், பிடித்தல் என, உடம்பைப் பிடித்துவிடும் தொக்கண முறையில் ஒன்பது வகை வைத்திருந்தது. இன்றைய பிசியோதெரபி இறுகிய மார்பை நீட்டி, தளர்ந்த முதுகுக்கு ரப்பர் பட்டையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுமை ஏற்றுகிறது. வாரக்கணக்கில் விடாமல் செய்தால் பலருக்குப் பலன் உண்டு. ஆனால் காலையில் பத்து நிமிடம் கட்டியதை மீதி எட்டு மணி நேரம் அவிழ்த்துவிடுகிறது. தொழில் நோய்களுக்கு நச்சுப்பொருள் ஒரு காரணம், உடம்புக்கு ஒவ்வாத அசைவும் நிலையும் இன்னொரு காரணம் என்று இத்தாலிய மருத்துவர் ரமாசினி 1700லேயே எழுதிவிட்டார். 1948 சட்டத்தின் நோய்ப் பட்டியலிலோ ஈய நஞ்சு இருந்தது, சிலிக்கா தூசி இருந்தது. லைனில் நின்று பிடித்த கழுத்துக்கு இடம் இருக்கவில்லை. 2021இல் தமிழ்நாடு தந்த உட்காரும் உரிமை கடை ஊழியர்களுக்கானது. 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பால் கைவிடப்பட்ட 12 மணி நேர வேலை மசோதா, உடம்பின் கணக்கு எவ்வளவு எளிதாக விடுபட்டுப்போகும் என்பதற்குச் சாட்சி.

மேசையின் உயரம், இரண்டு மணிக்கொரு முறை ஆள் மாற்றி வேலை, லைனின் வேகத்திலேயே கழித்து வைத்த சில நிமிடங்கள் ஆகியவையும் சிகிச்சைதான்; மருத்துவர் எழுதித் தர முடியாத சிகிச்சை. ஓய்வு நேர்ந்தால் உட்காரலாம் என்றது பழைய சட்டம். அந்த ஓய்வை இனி லைனுக்குத் திட்டம் போடுகிறவர்தான் நேரச் செய்ய வேண்டும்.